குறியீட்டிடம் யாரும் கேட்பதில்லை

தொடர்நாவலின் இரண்டாம் புத்தகத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. முதலாவதில் புதுமை, மூன்றாவதில் முடிவு, நடுவில் இருப்பது சும்மா பாலம் என்பதே பொது அபிப்பிராயம். சூசன் காலின்ஸின் 'கேட்சிங் ஃபயர்' (2009) விஷயத்தில் இது செல்லாது. பதின்வயதினருக்கான நூல்தானே என்று ஒதுக்காமல், இயக்கங்களில் இருப்பவர்கள் வாசிக்கவேண்டிய பிரதி இது.

முதல் நூலான 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) பனெம் என்ற எதிர்கால அரசைக் காட்டியது. 12 மாவட்டங்கள், ஒரு தலைநகரம். பழைய கலகத்துக்குத் தண்டனையாக ஆண்டுதோறும் 24 சிறுவர் சிறுமியரைக் களத்தில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பீட்டாவும் தானும் சேர்ந்து விஷப்பழம் தின்னப்போவதாகக் காட்டி, இருவருமே பிழைக்க வழிசெய்கிறாள் காட்னிஸ்.

அந்த வெற்றிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதே இரண்டாம் நூலின் கேள்வி. வெற்றியாளர்களை மாவட்டம் மாவட்டமாக அழைத்துப்போகிறது அரசு. 11ஆம் மாவட்டத்தில், களத்தில் இறந்த ரூ என்ற சிறுமிக்காக நாலு வார்த்தை பேசுகிறாள் காட்னிஸ். ஒரு கிழவர் ரூவின் சீழ்க்கையை அடிக்கிறார். கூட்டம் மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. கிழவரைச் சுட்டுவிடுகிறார்கள். கலகம் அவள் நோக்கமே இல்லை. ஆனால் அந்தச் சைகையின் அர்த்தம் இனி அவள் வசமில்லை.

தலைநகரத்திலோ அவள் அணிந்திருந்த மாக்கிங்ஜே பறவைச் சின்னம் ஃபேஷனாகிவிடுகிறது. ஒரே எதிர்ப்பு ஓரிடத்தில் துப்பாக்கியையும் இன்னோரிடத்தில் நகைக்கடையையும் சந்திக்கிறது. பிறகு 75ஆவது போட்டிக்கு, உயிரோடிருக்கும் வெற்றியாளர்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். அரசு கொடுத்த பாதுகாப்பு என்பது அவ்வளவுதான்.

முடிவில்தான் முடிச்சு அவிழ்கிறது. களத்திலிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அவளைத் தப்புவிக்கும் ரகசியத் திட்டத்தில் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. தன்மையில், நிகழ்காலத்தில் சொல்லப்படும் கதையாடல் என்பதால் அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவளோடு சேர்ந்து வாசகரும் ஏமாறுகிறோம். பீட்டா தலைநகரத்தின் கையில் சிக்கிவிடுகிறான். அவள் ஊர் எரிந்துபோகிறது.

நாவலிலும் திரைப்படத்திலும் இருந்த மூன்று விரல் தெருவுக்கும் வந்தது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்ப்பாளர்கள் அதை உயர்த்தினார்கள். பிரதமர் பிரயுத் முன் உயர்த்திய மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021இல் மியான்மரிலும் அதே சைகை. இவர்கள் விலை தெரிந்து தாங்களே கை தூக்கியவர்கள். காட்னிஸுக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை.

இயக்கத்துக்கு முகம் வேண்டும், ரகசியமும் வேண்டும் என்று வாதிடலாம். வாதம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நம் சுவரொட்டியில் இருக்கும் முகத்திடம் நாம் எதைச் சொல்லியிருக்கிறோம், எதை மறைத்திருக்கிறோம்? உண்மை தெரிந்ததும் காட்னிஸ் நகங்களோடு பாய்வது தன் வழிகாட்டி ஹேமிட்ச்சின் முகத்தின்மீது. தலைநகரம் அப்புறம்தான்.