ஒரே பல்பில் சிம்மும் ஃபுல்லும்

காஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் இந்தக் கோளாறு ஒருமுறையாவது வந்திருக்கும். ஃபுல்லில் வைத்தால் அடுப்பு ஜோராக எரியும். குழம்பு கொதித்துவிட்டதே என்று சிம்முக்குத் திருப்பினால் பொசுக்கென்று அணைந்துவிடும். சிலிண்டரில் காஸ் இருக்கிறது, டியூப் நன்றாக இருக்கிறது, பர்னரையும் நேற்றுதான் கழுவினோம். குமிழுக்குப் பின்னால் காஸ் போக இரண்டு வழிகள் உண்டு. ஃபுல்லுக்கான பெரிய வழி திறந்தே இருக்கிறது, சிம்முக்கான ஊசித் துளை மட்டும் அடைத்துக்கொண்டது. விஷயம் அவ்வளவுதான்.

காரின் முகப்பிலும் அச்சாக இதே கோளாறு வருகிறது. பகலில் வண்டியைக் கிளப்பியதும் தானாக எரிகிற டிஆர்எல் (டேடைம் ரன்னிங் லைட்) இரண்டு பக்கமும் பளிச்சென்று இருக்கும். பொழுது சாய்ந்து பார்க்கிங் லைட்டைப் போட்டால் ஒரு பக்கம் இருட்டு. ஸ்விட்ச் போய்விட்டது, வயரிங்கை எலி கடித்துவிட்டது என்று பேச்சு பெரிதாகும். போனது முழுசாக ஒரு பல்புகூட இல்லை, அரைப் பல்பு. ஏனென்றால் பல கார்களில் அந்த இரண்டு வேலையையும் பார்ப்பது ஒரே பல்பு. அதற்குள் சிம் தனியாக, ஃபுல் தனியாக இருக்கிறது.

பார்க்கிங் லைட்டுக்குக் கையேடுகளில் பொசிஷன் லைட், சைடு லைட் என்று வேறு பெயர்களும் உண்டு. இந்த இரண்டு விளக்குகளில் எதுவும் ஓட்டுபவருக்குப் பாதை காட்டுவதற்காக வைக்கப்பட்டதல்ல. எதிரே வருகிறவருக்கு "இங்கே ஒரு வண்டி இருக்கிறது, அதன் அகலம் இவ்வளவு" என்று சொல்வதுதான் வேலை. பகலில் சூரியனோடு போட்டி போட வேண்டும், அதற்கு ஃபுல் தேவை. இருட்டில் அதே ஒளி எதிரில் வருகிறவரின் கண்ணைக் குத்தும், அதற்கு சிம் போதும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகளின்படி ஒரு டிஆர்எல் நேர் முன்னால் குறைந்தது 400 கேண்டெலா காட்ட வேண்டும், 1200-ஐத் தாண்டக் கூடாது. முன்பக்கப் பார்க்கிங் லைட்டுக்கோ 4 கேண்டெலா இருந்தாலே தேறிவிடும். இரண்டு வேலைகளுக்கும் நடுவே உள்ள தூரம் அத்தனை.

பகலில் விளக்கு எதற்கு என்று நாம் கேட்கலாம். குளிர்காலத்தில் சூரியன் தலையைக் காட்டிவிட்டு உடனே மறைகிற நாடுகள் அப்படிக் கேட்கவில்லை. ஃபின்லாந்து 1972-இல் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் குளிர்காலத்துக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஸ்வீடன் 1977-இல் ஆண்டு முழுவதற்கும் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மாடல் கார்கள் எல்லாம் டிஆர்எல் பொருத்தியே வர வேண்டும் என்ற விதி 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் 2017 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களுக்கு, இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அது வந்த புதிதில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஐந்து விரலையும் குவித்து விரித்து "லைட்டு எரியுது" என்று சைகை காட்டினார்கள். சிலர் இன்னும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி பல்புக்குள் போவோம். கடையில் "டபுள் கான்டாக்ட் பல்பு, 21/5" என்று கேட்டால் கிடைக்கும் உருண்டைக் கண்ணாடி பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்ளே முடிக்கற்றை போன்ற இரண்டு சுருள்கள் தெரியும். ஒன்று கொஞ்சம் தடிமன், மற்றது மெலிசு. தடித்தது 21 வாட், அதுதான் ஃபுல். மெலிந்தது 5 வாட், அதுதான் சிம். இரண்டுக்கும் பேட்டரி தருவது ஒரே 12 வோல்ட்; சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம் ஒன்றாகவே இருந்தும் துளையின் அளவு தீயைத் தீர்மானிப்பது மாதிரி, இங்கே கம்பியின் கனமும் நீளமும் தீர்மானிக்கின்றன. தடித்த சுருள் வழியாக ஏறக்குறைய 1.75 ஆம்பியர் ஓடும். மெலிந்ததில் அரை ஆம்பியர்கூட ஓடாது.

வாட்டில் நாலு மடங்குதானே வித்தியாசம், வெளிச்சமும் நாலு மடங்குதான் இருக்கும் என்று நினைத்தால் கணக்கு தவறிவிடும். இந்த வகை பல்புக்கான தரவிதியில் 21 வாட் சுருளுக்கு 440 லூமென், 5 வாட் சுருளுக்கு 35 லூமென். பன்னிரண்டு மடங்குக்கும் மேல். டங்ஸ்டன் கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் சக்தியில் கண்ணுக்குத் தெரியும் பங்கு கிடுகிடுவென்று ஏறும். சின்னச் சுருளைக் குறைந்த சூட்டில், நீண்ட நாள் உழைக்கும்படி செய்திருக்கிறார்கள். பெரிய சுருளை வெள்ளைச் சூடு வரை விரட்டுகிறார்கள். டிஆர்எல்லின் நிறம் வெளுப்பாகவும் பார்க்கிங் லைட்டின் நிறம் மஞ்சளாகவும் தெரிவதற்குக் காரணமும் இதுவே.

எது விரட்டப்படுகிறதோ, அதுவே முதலில் சாகும். இந்த 21/5 பல்பு உண்மையில் காரின் பின்பக்கத்துக்குப் பழைய சொந்தக்காரர். அங்கே 5 வாட் டெயில் லைட், 21 வாட் பிரேக் லைட். பிரேக் மிதித்த சில நொடிகள் மட்டும் 21 எரியும். அதே பல்பை முன்பக்கம் கொண்டுவந்து டிஆர்எல் ஆக்கினால் அந்தச் சுருள் பயணம் முழுவதும் எரிய வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் பகலில் ஓட்டினால் ஏழெட்டு மணி நேரம் ஃபுல்லிலேயே நிற்கிறது. அதனால் ஒரு பக்கம் மட்டும் பகல் விளக்கு காணாமல்போவதுதான் அடிக்கடி நடப்பது. சிம் போய் ஃபுல் நிற்பது கொஞ்சம் அரிது. இதற்கென்றே நீண்ட ஆயுள் என்று போட்ட பல்புகள் வருகின்றன. டிஆர்எல்லுக்கு அவற்றை வாங்குவது வீண் செலவு இல்லை.

சாவு நேர்வது பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் கணத்தில். குளிர்ந்த டங்ஸ்டனுக்கு மின்தடை மிகக் குறைவு, சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. எரிந்து எரிந்து எங்காவது மெலிந்துபோயிருக்கும் இடம் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. கூடவே குண்டும் குழியுமான சாலையின் அதிர்வு. சார்ஜிங் அளவு மீறி ஓடும் வண்டியிலும் பல்பு சீக்கிரம் போகும். வோல்ட் ஐந்து சதவீதம் ஏறினாலே இழை பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாதம் ஒரு பல்பு வாங்குகிறவர் பல்பு கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஆல்டர்னேட்டரை ஒருமுறை பார்த்துவிடலாம்.

எந்தச் சுருள் போனது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, முதலில் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். சில கார்களில் இன்ஜின் ஓடினால்தான் டிஆர்எல் எரியும், சிலவற்றில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் எரியாது. பிறகு பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். சுவரில் விழும் இரண்டு வட்டங்களில் எது, எப்போது காணவில்லை என்பதைப் பார்த்தால் போதும். அடுத்தது என் விருப்பமான சோதனை: இடது பல்பைக் கழற்றி வலதில் போடுவது, வலதை இடதில் போடுவது. கோளாறும் பல்போடு இடம் மாறினால் புதுப் பல்பு வாங்கலாம். கோளாறு அதே பக்கத்தில் நின்றால் காசு மிச்சம். குற்றவாளி ஹோல்டரோ, ஃபியூஸோ, வயரோ. பல கார்களில் இடது பார்க்கிங் லைட்டுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும்.

கழற்றிய பல்பும் கொஞ்சம் பேசும். கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தால் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது, வயதாகிப் போன பல்பு. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று புகுந்துவிட்டது. கண்ணாடி தெளிவாக இருந்து, சுருள் அறுந்து ஆடினால் அதிர்வு அல்லது மோதலைச் சந்தேகிக்கலாம்.

வாங்கும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோவதுதான் நல்லது, ஏனென்றால் இதில் குடும்பங்கள் பல. பார்க்கிங் லைட் மட்டும் தனியாக இருக்கும் கார்களில் சின்ன கேப்லெஸ் பல்பு இருக்கும். உலோக அடி இல்லாதது, கண்ணாடியே அடியாகத் தட்டையாக அழுத்தப்பட்டது. டி10 என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார், 5 வாட். இரட்டைச் சுருள் பல்பிலும் கேப்லெஸ் வடிவம் உண்டு. சில ஃபியட் 500 கார்கள் முன்பக்கத்தில் அதைத்தான் பயன்படுத்தின. சில ஃபோக்ஸ்வாகன் கார்களில் எச்15 என்ற ஹாலஜன் பல்பு வருகிறது. அதில் 15 வாட் சுருள் டிஆர்எல்லுக்கு, 55 வாட் சுருள் ஹை பீமுக்கு.

உலோக அடி உள்ள பல்பில் பக்கவாட்டில் துருத்தும் இரண்டு பின்களைக் கவனியுங்கள். ஒற்றைச் சுருள் பல்பில் இரண்டும் ஒரே உயரம். இரட்டைச் சுருளில் ஒன்று மேலே, ஒன்று கீழே. மாற்றிப் போட்டு சிம்மும் ஃபுல்லும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு. இதையும் மீறி ஒற்றைச் சுருள் பல்பை அந்த ஹோல்டரில் அழுத்தி ஏற்றிவிடும் பலசாலிகள் இருக்கிறார்கள். அடியில் உள்ள அதன் ஒரே பெரிய புள்ளி ஹோல்டரின் இரண்டு தொடுமுனைகளையும் சேர்த்து இணைத்துவிடும். பின்பக்கத்தில் இப்படிச் செய்த வண்டியில் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரியும். பேய் பிடித்த கார் என்று கதை கட்டப்படுவது இப்படித்தான்.

மாற்றும் வேலையே சின்னது. விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, பல்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்; சற்று முன்வரை எரிந்த 21 வாட் பல்பு விரலைச் சுட்டுவிடும். பானட்டைத் திறந்து முன்விளக்கின் முதுகுக்குக் கையை விட்டால் ஹோல்டர் தட்டுப்படும். இடப்பக்கமாகக் கால் திருப்பு திருப்பினால் ஹோல்டர் பல்போடு வெளியே வரும். கேப்லெஸ் என்றால் பல்பை நேராக இழுக்க வேண்டும், திருகினால் கண்ணாடி உடையும். பின் வைத்ததென்றால் உள்ளே அழுத்தி, இடப்பக்கம் திருப்பி விட வேண்டும். எளிதாகச் சொல்லிவிட்டேன், பேட்டரியோ ஏர் ஃபில்டர் பெட்டியோ குறுக்கே நிற்கும் கார்களில் முழு முன்விளக்கையும் கழற்ற வேண்டும், சிலவற்றில் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைனரை விலக்க வேண்டும். உங்கள் காரில் எது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் சட்டையை மடக்குங்கள்.

புதுப் பல்பைத் துணியால் பிடித்துச் செருகுங்கள். ஹாலஜனில் விரல் எண்ணெய் கண்ணாடியையே கெடுக்கும். சாதாரண பல்பில் அவ்வளவு ஆபத்தில்லை. ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம், இரண்டும் ஒரே அளவு எரிந்தவைதானே. வாட்டை மட்டும் கூட்டாதீர்கள், ஹோல்டர் பிளாஸ்டிக் இளகும். மூடுவதற்கு முன் சிம், ஃபுல் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, ரப்பர் வளையம் மடங்காமல் ஹோல்டரைத் திருப்பி இறுக்குங்கள். அது ஒழுங்காக உட்காராவிட்டால் முதல் மழையிலேயே லென்ஸுக்குள் ஆவி பூக்கும்.

பல்பு புதிது, ஃபியூஸ் சரி, ஆனாலும் விளக்கு மங்கல். இந்த இடத்தில் அடுப்பு நமக்கு உதவாது. எரிந்த காஸ் சிலிண்டருக்குத் திரும்பிப் போவதில்லை, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழிதான் எர்த். ஹோல்டரில் அந்தத் தொடுமுனையில் பச்சைக் களிம்பு ஏறினால், மின்சாரம் இரண்டாவது சுருள் வழியாகச் சுற்றிப் போய் வேறு விளக்குகளில் வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், பிரேக் அழுத்தினால் டெயில் லைட் மங்கினால், பல்பை விட்டுவிட்டு எர்த்தைப் பாருங்கள். மெல்லிய உப்புத்தாளால் தொடுமுனையைத் தேய்த்து, பாடியில் இறுக்கிய எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் பெரும்பாலும் தீரும். கடற்கரை ஊர்களில் இந்த வேலை அடிக்கடி வரும்.

இரட்டைச் சுருளே இல்லாத கார்களும் உண்டு. அவற்றில் ஒரே 21 வாட் சுருளை காரின் கணினி நொடிக்குப் பல தடவை அணைத்து அணைத்து எரியவிட்டு சிம் ஆக்குகிறது. அந்த வண்டியில் சிம் மட்டும் போனால் புதுப் பல்பால் பயனில்லை, குமிழே கெட்டிருக்கிறது.

இதே கணினிதான் எல்ஈடி பல்பு வாங்கி மாட்டுகிறவர்களையும் தொந்தரவு செய்கிறது. சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை அது கவனித்துக்கொண்டே இருக்கும்; எல்ஈடி கொஞ்சமாக இழுப்பதைப் பார்த்து பல்பு போய்விட்டது என்று மீட்டரில் எச்சரிக்கை காட்டும், அல்லது விளக்கு மினுக்கும். அதை ஏமாற்றக் கூடவே ரெசிஸ்டர் ஒன்றை மாட்டச் சொல்வார்கள். மிச்சம் பிடித்த மின்சாரத்தையெல்லாம் அந்த ரெசிஸ்டர் வெப்பமாக்கிப் பக்கத்து வயரைச் சுட்டுக்கொண்டிருக்கும். என் கணக்கில் அது வேண்டாத வேலை. விளக்கின் கிண்ணமும் சுருள் இருக்கும் இடத்தை வைத்தே வார்க்கப்பட்டது; ஒளிப்புள்ளி இடம் மாறினால் 400 கேண்டெலாவும் திசை மாறும். கம்பெனியே எல்ஈடி டிஆர்எல் வைத்து அனுப்பும் கார்களின் கதை வேறு. அங்கே கழற்ற பல்பே கிடையாது. போனால் அந்தப் பட்டையையோ முழு முன்விளக்கையோ மாற்ற வேண்டும், அதனால் முதலில் தேட வேண்டியது வாரன்டி அட்டையை.