வெட்கத்தில் வளரும் கமக்கட்டுக் கடி

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் வியர்வைக்குத் தப்ப முடியாது. படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி, புளியந்தீவில் வைத்தியசாலைக்கும் கடைத்தெருவுக்கும் அலைந்து வீடு திரும்பும் பெண்ணின் உடுப்பு மாலைக்குள் இரண்டு முறை நனைந்து காய்ந்துவிடும். கடையில் நிற்கும் பெண், ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண், நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பெண் என எல்லோருக்கும் வியர்வை மணம் பற்றிய பயம் இருக்கிறது. இதனால் கமக்கட்டில் றோல் ஓன் அல்லது ஸ்பிறே பூசும் பழக்கம் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து சகோதரி அனுப்பும் பெட்டியிலும் சவர்க்காரத்தோடு ஒரு வாசனைக் குப்பி இருக்கும்.

இவற்றைப் பூசுவதால் சிலருக்குக் கமக்கட்டில் எரிவு, கடி, சிவப்பு, சிறு கொப்புளம், தோல் உரிதல் என்பன ஏற்படுகின்றன. பெரும்பாலும் இது ஆபத்தான நோயல்ல. ஆனால் எமது பெண்கள் இதை வெளியில் சொல்வதில்லை. பெண்கள் குழுக் கூட்டங்களில் கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசி முடிந்து, பாய் சுருட்டும் நேரத்தில்தான் ஒருவர் தனியே வந்து, "மிஸ், ஒரு விசயம் கேக்கட்டா?" என்பார். அதற்குள் மூன்று நான்கு மாதம் கடந்திருக்கும். கண்டதையெல்லாம் பூசித் தோலும் புண்ணாகியிருக்கும். சிறிய வருத்தத்தைப் பெரிதாக்குவது இந்த மறைப்புத்தான்.

ஏன் ஏற்படுகிறது?

வியர்வைக்குத் தனியே பெரிய மணம் இல்லை. கமக்கட்டுத் தோலில் வாழும் கிருமிகள் வியர்வையைச் சிதைக்கும்போதே மணம் உண்டாகிறது. டியோடரன்ட் வகைகள் அக்கிருமிகளைக் குறைத்து, வாசனையால் மணத்தை மறைக்கின்றன. வியர்வையைத் தடுக்கும் வகைகளில் அலுமினிய உப்புகள் உள்ளன. இவை வியர்வைத் துவாரங்களைத் தற்காலிகமாக அடைக்கின்றன.

தோல் பாதிக்கப்படுவது இரண்டு விதமாக நடக்கிறது.

முதலாவது, எரிச்சல். குப்பியில் உள்ள மதுசாரம், அலுமினிய உப்பு, அப்பச் சோடா போன்றவை தோலை நேரடியாகச் சுடுகின்றன. இது பூசிய சில நிமிடங்களில் அல்லது அன்றைக்கே தெரியும். முடி மழித்த கையோடு பூசினால் அதிகமாக எரியும். இது யாருக்கும் வரலாம்.

இரண்டாவது, ஒவ்வாமை. இதற்குப் பெரும்பாலும் வாசனைப் பொருட்களே காரணம். பூசிய உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாட்களுக்குப் பின்னரே கடி தொடங்கும். "மூன்று வருடமாக இதைத்தானே பூசினேன், இப்போது எப்படி வரும்?" என்று பலர் கேட்பதுண்டு. ஒவ்வாமை அப்படித்தான் வரும். பல வருடம் ஏற்றுக்கொண்ட பொருளை உடல் ஒருநாள் எதிரியாக அடையாளம் கண்டுவிடுகிறது. அதன் பின் சிறிதளவு பட்டாலும் தோல் கிளர்ந்துவிடும். லைரல் என்று அழைக்கப்படும் வாசனைப் பொருள் பலருக்கு இத்தகைய ஒவ்வாமையைக் கொடுத்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதைத் தடைசெய்யத் தீர்மானித்தது. 2021ஆம் ஆண்டிலிருந்து அது கலந்த அழகுசாதனப் பொருட்களை அங்கு விற்க முடியாது.

வேறு வருத்தமாகவும் இருக்கலாம்

டியோடரன்டால் வரும் கடி கமக்கட்டின் நடுக்குழியிலேயே அதிகமாகத் தெரியும். நடுக்குழி நன்றாக இருந்து, சட்டைத் தையல் உரசும் ஓரங்களில் மட்டும் கடித்தால், துணியின் சாயமே காரணமாக இருக்கலாம். வட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். கடியில்லாமல் கமக்கட்டும் கழுத்தும் தடித்துக் கறுத்து வெல்வெட் துணிபோல் இருந்தால், ஒருமுறை இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்ப்பது நல்லது. வலியுள்ள கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து சீழ் வடிந்தால் அது வேறு நோய். அதற்கு வைத்தியம் தேவை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பூசுவதை உடனே நிறுத்துங்கள். இதுவே முதல் மருந்து. வேறு பெயரில் இன்னொரு குப்பி வாங்க வேண்டாம். பல குப்பிகளில் ஒரேவிதமான வாசனைப் பொருட்கள் உள்ளன.

2. கமக்கட்டைச் சுத்தமான குளிர் தண்ணீரால் மட்டும் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஆறும்வரை அந்த இடத்தில் வாசனைச் சவர்க்காரமும் பவுடரும் வேண்டாம்.

3. கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். எரிவும் கடியும் தணியும்.

4. தோல் காய்ந்து உரிந்தால் வாசனையில்லாத வெறும் வஸ்லீன் மெல்லியதாகப் பூசலாம். நீர் கசியும் இடத்தில் பூச வேண்டாம்.

5. தளர்ந்த பருத்திச் சட்டை அணியுங்கள். முன்பு அணிந்த சட்டைகளின் கமக்கட்டுப் பகுதியில் மருந்து ஊறியிருக்கும். அவற்றை நன்றாக அலசிய பின் அணியுங்கள். முழுவதும் ஆறும்வரை முடி மழிக்க வேண்டாம்.

எரிச்சலாக இருந்தால் சில நாட்களில் தணிந்துவிடும். ஒவ்வாமை முழுவதும் ஆற இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கலாம். இடையில் ஒருமுறை பூசினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

செய்யக் கூடாதவை

தேசிக்காய்ப் புளி, பற்பசை, அப்பச் சோடா, டெற்றோல் ஆகியவற்றைப் புண்ணான தோலில் பூசாதீர்கள். சீனக்காரம் இயற்கையானது என்று சிலர் தேய்ப்பதுண்டு. அதுவும் ஓர் அலுமினிய உப்புத்தான்.

இதைவிட முக்கியமானது, பாமசியில் "கடிக்கு ஒரு கிறீம்" என்று கேட்டு வாங்குவது. இவற்றில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற கடுமையான ஸ்டீரொயிட் மருந்துகள் இருக்கலாம். இரண்டு நாளில் கடி நின்றுவிடும். அதனால் அடுத்த ரியூப்பையும் வாங்குவோம். கமக்கட்டு மடிப்பில் தோல் மெல்லியது. மருந்து அதிகமாக உள்ளே போகும். நாளடைவில் தோல் மெலிந்து, வயிற்றில் பிள்ளைப்பேற்றுத் தழும்புபோல் கோடுகள் விழும். அவை மறையாது. பூஞ்சணத் தொற்று இருந்தால் அது உள்ளே மறைந்து பரவும். ஸ்டீரொயிட் கிறீம் தேவையா, எது, எத்தனை நாள் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

எப்போது வைத்தியரிடம்?

ஒரு வாரத்தில் குறையாவிட்டால், சீழ் வைத்தால், சிவப்புப் பரவினால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். முகம் வீங்கினால் அல்லது மூச்சுத் திணறினால் உடனே போக வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவையானவர்களைத் தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். ஒவ்வாமைக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடிக்க முதுகில் சிறு ஒட்டுகள் ஒட்டி 48 மணிநேரத்தின் பின் பார்க்கும் சோதனையும் உண்டு. பாவித்த குப்பியைக் கையோடு கொண்டுபோக மறக்க வேண்டாம்.

கமக்கட்டைக் காட்டுவது எமது பெண்களுக்கு எளிதல்ல. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, அந்நியக் கைகள் உடம்பைத் தடவிச் சோதித்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் பலர். சட்டையைக் கழற்றச் சொன்னாலே உடம்பு விறைத்துப்போகும் என்று சொன்ன சகோதரிகள் உண்டு. அது அவர்களின் குறையல்ல. பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லாவிட்டால், பக்கத்தில் ஒரு தாதியோ துணைக்கு வந்த பெண்ணோ நிற்க வேண்டும் என்று கேட்கலாம். வைத்தியரிடம் முதலில் பேச வெட்கமாக இருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கமக்கட்டில் கட்டிபோல் ஏதாவது தட்டுப்பட்டால் கடியோடு சேர்த்து மறைக்க வேண்டாம். றோல் ஓன் பூசினால் மார்புப் புற்றுநோய் வரும் என்ற கதை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மார்புப் புற்றுநோயின் அறிகுறி சிலவேளை கமக்கட்டில் கட்டியாகத் தெரியலாம். 35 வயதைக் கடந்த பெண்களுக்காக 1996 முதல் சுகாதாரத் திணைக்களம் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பையும் இலவசமாகப் பரிசோதிப்பார்கள்.

மணமும் வெட்கமும்

இந்த வெட்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1919இல் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகை ஒன்றில் ஒடொரோனோ என்ற வியர்வைத் தடுப்பு மருந்தின் விளம்பரம் வந்தது. உன் கமக்கட்டு மணம் உனக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும் என்ற பொருளில் அது பெண்களைப் பயமுறுத்தியது. அவமானப்பட்டுச் சுமார் 200 வாசகிகள் சஞ்சிகையையே நிறுத்தினார்கள். ஆனால் ஓர் ஆண்டுக்குள் மருந்தின் விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அந்த மருந்தும் அமிலத்தன்மையால் தோலை எரித்து, துணியை அரித்தது. நூறு வருடம் கடந்தும் தொலைக்காட்சி எமக்கு அதே பயத்தைத்தான் விற்கிறது.

வியர்ப்பது குற்றமல்ல. வெயிலில் உழைக்கும் உடம்பு தன்னைக் குளிர்விக்கும் வழி அது. இரண்டு வேளை கழுவி, நன்றாக உலர்த்தி, தோய்த்து வெயிலில் காயவைத்த சட்டை அணிந்தால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும். வேலைக்காகப் பூசித்தான் ஆகவேண்டும் என்றால், தோல் முழுவதும் ஆறிய பின் வாசனையே சேர்க்காத வகையைத் தேடுங்கள். குப்பியில் 'பர்ஃபியூம்' அல்லது 'ஃபிறேகிறன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அதில் வாசனைப் பொருள் உண்டு. படிக்கும் பிள்ளையிடம் வாசித்துக் காட்டச் சொல்லலாம். முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் தினமும் இரண்டு முறை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். கடி வராவிட்டால் மட்டும் கமக்கட்டில் பூசுங்கள்.

குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் தங்கள் உடம்புக்கு வந்ததைக் கடைசியாகவே பார்க்கிறார்கள். பிள்ளைக்குக் கடித்தால் அன்றே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எமக்குக் கடித்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால் போதும். இன்னும் இரண்டு மூன்று பேர் "எனக்கும்தான்" என்பார்கள்.