தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றினால் வண்டிக்கு நல்லதா?

கோடை வந்துவிட்டால் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில், பானட்டைத் தூக்கிவைத்தபடி நிற்கும் வண்டிகளை நாம் அடிக்கடி காண்கிறோம். திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம் பகுதிகளில் இருந்து காஞ்சிபுரத்துக்கும், கோயம்பேட்டுக்கும் சரக்கு எடுக்கப் போய்வரும் நம் வணிகர்களுக்கு இது புதிதல்ல. அப்படி நிற்கும்போது கிடைக்கும் யோசனையும் புதிதல்ல: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுங்கள். அல்லது குறைந்த டிகிரி வால்வு போடுங்கள். வண்டி சூடாகாது, இழுவையும் கூடும்." இந்த யோசனை சரிதானா என்று பார்ப்போம்.

வால்வு செய்யும் வேலை

என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீர் செல்லும் வழியில் இருக்கும் சிறு கதவுதான் தெர்மோஸ்டாட். அதனுள் ஒரு சிறு குப்பியில் மெழுகு இருக்கிறது. சூடு ஏறினால் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் கதவை மூடிவிடும். பல வண்டிகளில் இது 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் முழுவதும் திறந்துகொள்கிறது. திறக்கும் சூடு வால்வின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இதை நம் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலை 7 மணிக்குத் திறக்கும் கடையை 5 மணிக்கே திறந்துவைத்தால், மாலைக் கூட்டத்தில் நெரிசல் குறைந்துவிடுமா? குறையாது. கூட்ட நேரத்தில் எப்படியும் கதவு முழுவதும் திறந்துதான் இருக்கிறது. நெரிசலைத் தீர்மானிப்பது கடையின் அகலமும், நிறுத்துக் கொடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும்தான். அதுபோலவே, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும் வண்டியில் 71 டிகிரி வால்வும் 82 டிகிரி வால்வும் ஒன்றுபோல முழுவதும் திறந்தே இருக்கும். அப்போது சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் ஆகியவை. என்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பதை மட்டுமே வால்வு காக்கிறது.

குளிர்ந்த என்ஜினால் வரும் நஷ்டம்

பட்டுக்குச் சாயம் ஏற்றுபவர்களுக்குத் தெரியும், தொட்டியில் சூடு போதாவிட்டால் சாயம் சரியாக ஏறாது. என்ஜினும் அப்படித்தான். சூடு குறைந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. டீசல் முழுவதும் எரியாமல் புகையாகிறது. என்ஜின் ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வு கூடுகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். என்ஜின் நன்றாகச் சூடேறாவிட்டால் ஒரு பகுதி உள்ளேயே நீராகி ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற பிசுக்கு படிந்திருந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம். நாளடைவில் சிலிண்டரும் ரிங்கும் தேயும். தினமும் காஞ்சிபுரம் வரை போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்துக்கு இந்தப் பாதிப்பு அதிகம். வால்வு இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டை எட்டுவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தண்ணீரின் சூட்டை ஒரு சென்சார் அளந்து சொல்கிறது. என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கருதும் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூடுதலாக ஊற்றும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் எச்சரிக்கை விளக்கே எரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 7 லிட்டர் கூடுதல் செலவு. லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 700, ஆண்டுக்கு 8,400 ரூபாய். ஆனால் பல சிறு வண்டிகளுக்கு நல்ல வால்வு சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும்.

குளிர்ந்த வால்வால் பலனே இல்லையா என்று கேட்கலாம். பந்தய வண்டிகளிலும், அதிக அழுத்தத்தில் 'நாக்கிங்' ஆகும்படி மாற்றியமைத்த என்ஜின்களிலும் சிறிது பலன் உண்டு. அரிசி மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது பொருந்தாது.

கழற்றினால் சூடு கூடவும் செய்யும்

சில என்ஜின்களில் இந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, பைபாஸ் என்னும் குறுக்கு வழியை அடைக்கிறது. வால்வைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். குளிரும் என்று எதிர்பார்த்த வண்டி அதனால் மேலும் கொதிக்கும்.

பார்க்க வேண்டியவை எவை?

ரேடியேட்டர்: போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துப்போவது மிகவும் சாதாரணம். தயாரிப்பாளர் சொல்லும் கூலண்டையே ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடி: 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 118 டிகிரி வரை தாங்கும். ரப்பர் கெட்டுப்போனால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

மற்றவை: ஃபேன் பெல்ட், எலெக்ட்ரிக் ஃபேன், அதன் சுவிட்ச், வாட்டர் பம்ப், ஹோஸ் கசிவு. இவையெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்: இது மூடியபடி சிக்கிக்கொண்டால் வண்டி கொதிக்கும் என்பது உண்மையே. கழற்றிய வால்வை நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, ஆறியதும் மூடிக்கொண்டால் நல்ல வால்வு. இல்லையென்றால் அதே டிகிரியுள்ள புதிய வால்வைப் போட வேண்டும். இடத்தைக் காலியாக விடக்கூடாது.

சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனால் உடனே ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். "கடை வரை போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடலாம். அந்தச் செலவோடு, காய்கறிச் சரக்கும் வழியிலேயே வாடிப்போகும்.

எடை குறைவாகக் காட்டுகிறது என்பதற்காகத் தராசைத் தூக்கி எறிந்துவிட்டு நாம் வியாபாரம் செய்வதில்லை. எங்கே பழுது என்று பார்த்துச் சரிசெய்கிறோம். வண்டிக்கும் அந்த வழியே நல்லது.