குச்சி மனிதர்களின் காமிக்ஸ்

காமிக்ஸ் என்றதும் இரும்புக்கை மாயாவிதான் உங்கள் நினைவுக்கு வருவாரா? இன்டர்நெட்டுக்கென்றே வரையப்படும் காமிக்ஸ்களும் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது ‘எக்ஸ்கேசிடி’. வரைபவர் அமெரிக்காவின் ராண்டல் மன்ரோ. இயற்பியல் படித்து நாசாவில் வேலை பார்த்தவர். நோட்டுகளில் கிறுக்கியிருந்த படங்களை ஸ்கேன் செய்து 2005-ல் இணையத்தில் போடத் தொடங்கினார். 2006-ல் நாசா வேலை முடிந்ததும் காமிக்ஸே அவருக்குத் தொழிலாகிவிட்டது. மனிதர்கள் எல்லாம் வெறும் குச்சி உருவங்கள். கணக்கு, புரோகிராமிங், காதல், சினிமா என அன்றாடம் அவர் மண்டையைக் குடைபவைதான் கதை.

2009-ல் சில சினிமாக்களையே வரைபடமாக்கினார். ஒவ்வொரு கதாபாத்திரமும் ஒரு கோடு. இடமிருந்து வலமாகக் காலம் ஓடும். பாத்திரங்கள் சேரும்போது கோடுகள் நெருங்கும், பிரியும்போது விலகும். ஒரே அறையில் நடக்கும் ‘12 ஆங்ரி மென்’ படத்துக்கு 12 நேர்கோடுகள் மட்டுமே!

வாலாஜாபாத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு, அது தறியில் பூட்டிய பாவு போலவே தெரிந்தது. 2004-ல் வந்த ‘ஆய்த எழுத்து’ படத்துக்கு நானும் வரைந்தேன். மூன்று இழைகள், நேப்பியர் பாலத்தில் ஒரு முடிச்சு! பலமுறை பார்த்தும் பிடிபடாத திரைக்கதை, ஒரே தாளில் புரிந்தது.

ஓவியம் வராதே என்று தயங்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பெயின்ட் புரோகிராமே போதும். உங்களுக்குப் பிடித்த படத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை வரைந்து பாருங்களேன்!