கீழ் பல்செட்டும் ரெண்டு இம்ப்ளான்ட்டும்

அம்மாவிடம் ரெண்டு பல்செட் இருக்கிறது. மேல் செட் எப்போதும் வாயில், கீழ் செட் எப்போதும் டப்பாவில். கல்யாணம் காட்சி என்றால் மட்டும் அது வெளியே வரும். பந்தியில் உட்கார்ந்ததும் கைக்குட்டைக்குள் போய்விடும். செய்து கொடுத்த டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்றுதான் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து படித்த பிறகுதான், சிக்கல் பெரும்பாலும் கீழ் தாடையின் அமைப்பிலேயே இருக்கிறது என்று புரிந்தது.

மேல் செட் அண்ணத்தை முழுக்க மூடுகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம். ஈரமான ரெண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போல அது பிடித்துக்கொள்ளும். கீழே அந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது, அது சும்மா இருக்காது. செட் உட்காருவதற்கு லாடம் போல ஒரு ஒல்லியான மேடுதான். அந்த மேடும் நிலையானது அல்ல. பல் வேர் போனபின் தாடை எலும்பு கரைய ஆரம்பிக்கும், ஆயுசுக்கும் கரையும். டால்கிரென் என்ற ஆய்வாளர் 25 வருஷம்வரை பல்செட்காரர்களைத் தொடர்ந்து பார்த்து 1972இல் எழுதிய கட்டுரையில், கீழ் தாடையின் முன்பக்கம் மேல் தாடையைப் போல சுமார் நாலு மடங்கு தேய்வதாகச் சொல்கிறார். ஆக, இன்று கச்சிதமாகப் பொருந்தும் கீழ் செட்டும் சில வருஷத்தில் ஆடத்தான் செய்யும்.

இம்ப்ளான்ட் என்பது பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டேனியம் திருகு. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1952இல் முயல் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டேனியம் கருவி ஒன்றைப் பொருத்தினார். பிறகு கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் பல் இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அவை வேலை செய்தன.

நாங்கள் முதலில் போன கிளினிக்கில் கழற்றவே வேண்டாத முழு நிரந்தரப் பல் வரிசைதான் ஒரே வழி என்பது போலப் பேசினார்கள். அதற்கு ஒரு தாடைக்குக் குறைந்தது நாலு இம்ப்ளான்ட் வேண்டும். நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் பிரச்சினை கீழே மட்டும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ் தாடைக்கு ரெண்டு இம்ப்ளான்ட் மேல் பொருத்தும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க்கில் கூடியவர்களும் அதையே சொன்னார்கள்.

முறை இதுதான். மோவாய்ப் பக்கம், முன்னால் ரெண்டு திருகு. தாடையின் ரெண்டு பக்கமும் ஓடும் நரம்பில் அடிபட்டால் கீழுதடு மரத்துப்போகும் என்பதால் முன்பகுதிதான் வசதி. எலும்பு சேர பொதுவாக ரெண்டு மூணு மாசம். அப்புறம் திருகின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதற்கான குழி. ரவிக்கை பிரஸ் பட்டன் மாதிரி 'டப்'பென்று மாட்டும். பழைய செட் நல்ல நிலையில் இருந்தால் பல சமயம் அதையே குடைந்து மாற்றிக்கொள்ளலாம். இதை நாமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மாட்டிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. ராத்திரி கழற்ற வேண்டும், திருகைச் சுற்றி தினமும் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஈறு வீங்கி எலும்பும் போய், திருகே ஆடும். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அம்மா அஞ்சு வருஷமாக எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், அலென்ட்ரோனேட். இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு தாடையில் அறுவை செய்தால், அபூர்வமாக, புண் ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம். மாத்திரைக்கு ஆபத்து குறைவு. புற்றுநோய்க்காகப் போடும் ஊசிக்கு அதிகம். மாத்திரையும் வருஷக்கணக்கில் போகப்போக ஆபத்து கூடும். முதல் கிளினிக்கில் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொன்னார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவே இல்லை. ரெண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். சர்க்கரையின் மூணு மாச சராசரி, எலும்பு டாக்டரிடமிருந்து ஒரு கடிதம், தாடை ஸ்கேன், இந்த மூணும் வந்த பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார். மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் விளக்கினேன். "முறுக்கெல்லாம் கடிக்க வேண்டாம்டா. பேசும்போது நழுவாம இருந்தாப் போதும். உங்க அத்தை எதிர்ல வாயைப் பொத்திக்கிட்டுப் பேச வேண்டியிருக்கு" என்றார். சர்க்கரை ரிப்போர்ட் வந்துவிட்டது, பரவாயில்லை. ஸ்கேன் வியாழக்கிழமை.