அகமதாபாத் நகரின் வெயில் திட்டம்

உலகின் வெப்பம் ஏறி வருகின்றது என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அதனைத் தடுக்க நாடுகள் கூடிப் பேசுகின்றன, உடன்படிக்கைகள் எழுதுகின்றன. ஆயின், மாநாடு முடிந்து தலைவர்கள் வீடு திரும்பிய பின்னர், நண்பகலில் தெருவில் நின்று பிழைப்பவனுடைய ஊர் தன்னளவில் என்ன செய்தல் கூடும்? இவ்வினாவுக்குத் தக்க விடை கண்ட ஊர்களுள் ஒன்று குசராத் மாநிலத்து அகமதாபாத். அது செல்வம் கொழிக்கும் மேலை நகரம் அன்று. சபர்மதி ஆற்றங்கரையில் நெசவாலைகளால் பெயர் பெற்ற நகரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐம்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்வது. அவருள் ஏழைகள் மிகப் பலர்.

நம் முன்னோர் சித்திரை, வைகாசித் திங்களை இளவேனில் என்றும், ஆனி, ஆடியை முதுவேனில் என்றும் பகுத்தனர். அகமதாபாத்துக்கு இவ்வரிசை பொருந்தாது. அங்கே வெயில் முற்றுவது மே மாதத்தில், அஃதாவது நம் இளவேனிற் காலத்தில். ஆனியில் பருவமழை வந்து வெப்பத்தைத் தணித்துவிடும். 2010ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அந்நகரில் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. வெள்ளம் பெருகவில்லை, வீடுகள் இடியவில்லை, ஆகவே பேரிடர் ஒன்று நிகழ்கின்றது என்னும் எண்ணமே பலருக்குத் தோன்றவில்லை.

நிகழ்ந்தது யாது என்பது பின்னர் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த எண்ணிக்கை முறையைச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். வெயிலால் இறந்தவருடைய இறப்புச் சான்றில் வெயில் என்று எழுதப்படுவது அரிது. முதியவர் மாண்டால் நெஞ்சடைப்பு என்பர். நோயாளி மாண்டால் பழைய நோயின் பெயரையே எழுதுவர். இவ்வாறு எழுதுவது பொய்யும் அன்று. நெஞ்சு நின்றது உண்மைதான். அதனை நிறுத்தியது எது என்பதே ஏட்டில் ஏறாமற் போகின்றது. ஆகையால் ஆய்வாளர் நோயின் பெயரை நோக்கவில்லை. எல்லா இறப்புகளையும் ஒருங்கே எண்ணினர். 2010 மே மாதத்தில் மாண்டவர் 4,462 பேர். அதற்கு முன்னும் பின்னும் உள்ள 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதச் சராசரியோ 3,118. மிகுதி 1,344 உயிர். நூற்றுக்கு நாற்பத்து மூன்று கூடுதல். அயலார் எவரும் வந்து சொல்லவில்லை. மாநகராட்சி தானே வைத்திருந்த இறப்புப் பதிவேடே இதனைச் சொல்லிற்று.

வெப்பம் உயிரைக் கொள்வது எங்ஙனம்? நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. சுற்றியுள்ள காற்று அதனினும் குளிர்ந்திருக்கும்வரை உடற்சூடு வெளியே செல்லும். காற்று 45 பாகையாயின் நிலைமை தலைகீழாகும். காற்றின் சூடே உடலுக்குள் புகும். அப்போது வியர்வை ஒன்றே துணை. வியர்வை ஆவியாகும்போது சூட்டையும் உடன்கொண்டு செல்லும். குடிக்க நீர் இல்லாதவன், வியர்க்கும் ஆற்றல் குறைந்த முதியவன், விலகிச் செல்லவும் வாய்திறந்து கேட்கவும் இயலாத கைக்குழந்தை ஆகியோர் இதனால் முதலில் வீழ்வர்.

மாநகராட்சியும், காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும், அமெரிக்க அறிஞர் சிலரும் கூடி 2013இல் ஒரு வெப்பச் செயல் திட்டம் வகுத்தனர். தெற்காசிய நகரங்களுள் இத்தகைய திட்டத்தை முதலில் மேற்கொண்டது அகமதாபாத்தே என்பர். திட்டம் என்றதும் கோடிக்கணக்கில் செலவும் வானளாவிய கட்டடமும் வேண்டும் என்று எண்ணிவிடலாகாது. அதன் பெரும்பகுதி, எந்த நாளில் எவர் எவருக்குச் சொல்ல வேண்டும், சொல்லக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியதே.

நாளைய வெப்பம் 41.1 முதல் 43 பாகை வரை இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் மஞ்சள், 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45ஐத் தொட்டால் சிவப்பு. இவ்வெல்லைகள் மனம்போல் வகுத்தவை அல்ல. எந்த அளவுக்கு மேல் அந்நகரில் இறப்பு ஏறிற்று என்பதை முன்னைக் கணக்குகளிலிருந்து பார்த்து வகுத்தவை. மாநகராட்சியில் இதற்கெனப் பொறுப்பு அதிகாரி ஒருவர் உண்டு. அவர் சொல் மருத்துவமனைகளுக்கும், 108 அவசர ஊர்திகளுக்கும், குடிநீர்த் துறைக்கும், செய்தித்தாள்களுக்கும் செல்லும். தண்ணீர்ப் பந்தல் மிகும். நண்பகலில் பூட்டப்படும் பூங்காக்கள் திறந்து வைக்கப்படும். சேரிகளில் நலப் பணிப்பெண்கள் வீடு வீடாகச் செல்வர். கோடைக்கு முன்னர்ப் பயிற்சியும், கோடை கழிந்தபின் குறைநிறைகளை ஆராய்வதும் ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும்.

இத்திட்டத்தோடு சேர்த்து எண்ணத்தக்க செய்தி ஒன்று என் மனத்தில் ஆழப் பதிந்தது. நகரின் சாரதாபேன் மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுக் கூடம் மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. வெப்பம் 42 பாகையைக் கடந்தபின், ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும், சூட்டால் நலிந்து தீவிரச் சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளின் தொகை 43 விழுக்காடு கூடிற்று என்று மருத்துவர் கண்டனர். 2012இல் கூடத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினர். புதிய மருந்தும் இல்லை, பொறியும் இல்லை. அவ்வாறு வந்த குழந்தைகளின் தொகை பெரிதும் குறைந்தது. இவ்வளவு எளிய மருத்துவத்தைக் கண்டறிவதற்கும் முதலில் குழந்தைகளை எண்ண வேண்டியிருந்தது. கூரையே பகை என்று தெரிந்தபின் அதனைச் சும்மா விடவில்லை. 2017இல் ஏழை மக்கள் வீடுகளில் ஏறத்தாழ 3,000 கூரைகளுக்கு வெள்ளை பூசினர்.

பயன் விளைந்ததா? 2018இல் வெளிவந்த ஆய்வு, திட்டத்துக்குப்பின் ஆண்டுக்குச் சராசரி 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அம்மதிப்பு 162 ஆகவும் இருக்கலாம், 2,218 ஆகவும் இருக்கலாம் என்று அவ்வாய்வே கூறுகின்றது. மேடையில் பேசுவோர் இவ்விடைவெளியை மறந்து, நடுவிலுள்ள எண்ணை மட்டும் முழங்குவர். இடைவெளியோடு கூறுவதே நேர்மை. குறைந்த அளவைக் கொண்டாலும் அது சிறிய ஆதாயம் அன்று.

நல்ல பெயர் பெற்ற எதனையும் பார்த்தெழுதுவோர் பெருகுவது இயல்பு. இந்தியாவில் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய திட்டங்களை ஏற்றன. 2023இல் தில்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 37 திட்டங்களை எடுத்து ஆராய்ந்தது. பெரும்பாலானவை தம் ஊரின் தன்மைக்கேற்ப அமையவில்லை. எவர் மிகுதியாக இடர்ப்படுவர் என்பதை ஆராய்ந்தவை மிகச் சில. பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பேசியவை பதினொன்றே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கும் பொருந்தும். மலேசியாவில் பதிவான பெருவெப்பம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுவது 1998இல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் அளந்த 40.1 பாகை. அகமதாபாத்தின் எல்லைகளை அப்படியே நாம் எடுத்துக்கொண்டால், அன்றுகூட மஞ்சள் எச்சரிக்கை வந்திராது. ஆயினும் 2023இலும் 2024இலும் இங்கே வெப்பத் தாக்கால் உயிர் நீத்தோர் உளர். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது; ஆதலால் நம் எல்லை வேறாகத்தான் இருத்தல் வேண்டும்.

அகமதாபாத் திட்டமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. சிவப்பு நாளில் வெளியே வராதீர் என்று ஒலிபெருக்கியிற் சொல்லலாம். வராவிடில் அன்று அடுப்பு எரியாதே என்பவளுக்கு அச்சொல்லால் என்ன பயன்? 1972இல் எலா பட் அம்மையார் அந்நகரில் தோற்றுவித்த சேவா என்னும் உழைக்கும் மகளிர் சங்கம் இவ்விடத்தைப் பற்றிற்று. 2023இல், காய்கறி விற்போர், குப்பை பொறுக்குவோர், உப்பளத்தில் உழைப்போர் முதலிய 21,000 பெண்களுக்கு ஒரு காப்பீட்டு ஏற்பாடு தொடங்கியது. கூலி இழந்தேன் என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. வெப்பம் குறித்த எல்லையைக் கடந்தால் பணம் தானே வந்து சேரும். அடுத்த ஆண்டு இதிற் சேர்ந்தோர் 50,000 பேர். 2024ஆம் ஆண்டுக் கோடையில் எல்லை கடந்தது, பணமும் வந்தது. தொகை சிறிது, ஒரு கோடைக்குப் போதாது. எல்லையை எங்கே வைப்பது, தொகையை எவ்வளவு ஆக்குவது என்னும் வாதம் தொடர்கின்றது.