உடல் மெலிவும் உள்ளழலும்

பிரிந்த தலைவனை நினைந்து தலைவி மெலிய, அவள் கைவளைகள் தாமே நெகிழ்ந்து வீழ்ந்தன என்று பாடாத அகப்பொருட் புலவர் அரியர். திருவள்ளுவரும் இம்மெலிவிற்கென ‘உறுப்புநலனழிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இஃது இன்சுவைப் பகுதி. ஆயின், நம் இல்லத்துப் பாட்டியார் அணிந்த பொன்வளை முன்கையினின்று முழங்கையளவும் ஓடுமாயின், தந்தையார் மோதிரத்திற்கு நூல் சுற்றவேண்டி வருமாயின், அது சுவைத்தற்குரியதன்று; ஆராய்தற்குரியது. பெருங்குடலிலும், அதன் ஈற்றுப் பகுதியாகிய மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயில் இம்மெலிவு எவ்வாறு நிகழ்கின்றது, இரத்தத்திற் காணும் எவ்வடையாளங்களால் மருத்துவர் அதனை அளக்கின்றனர் என்பவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சென்னைவாழ்நராகிய நாம் இப்பொருளை எடுத்துப் பேசுதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. மயிலாப்பூரினின்று தெற்கே சென்று அடையாற்றைக் கடப்போர் அறியாத இடமன்று அங்குள்ள புற்றுநோய் மருத்துவ நிலையம். 1952-இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளோடு அது தொடங்கிற்று. இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு அதனை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1920-களின் தொடக்கத்தில் அம்மையாரின் தங்கையார் மலக்குடற் புற்றால் இளமையிலேயே மாண்டனர். மருத்துவம் கற்ற தமக்கை அருகிருந்தும் காக்கவியலாத அத்துயரே, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவமனையாயிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையுமளவும் அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்த வரலாறு நாடறிந்தது.

மேனாடுகளை நோக்க, நம் நாட்டில் இந்நோய் குறைவே. ஆயினும் இங்கு வருவோருள் இளையோர் மிகுதி. மலக்குடலைப் பற்றிய நோயும் மிகுதி. மலத்தோடு குருதி போதலை மூலம் என்று தாமே துணிந்து, கருணைக்கிழங்கும் மோரும் உண்டு திங்கள் பல கழிப்போர் பலராதலின், நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். அதற்குள் உடல் தேயத் தொடங்கிவிடும்.

இனி, அத்தேய்வின் காரணம் ஆராய்வோம். பட்டினியால் மெலிந்தவரும் புற்றால் மெலிந்தவரும் பார்வைக்கு ஒரு தன்மையர். உள்ளே நிகழ்வது வேறு. உண்ணாது நாட்கழிப்பவரின் உடம்பு சிக்கனமறிந்த இல்லக்கிழத்தியைப் போல்வது. வரவு குறைந்ததும் செலவைச் சுருக்கும். கொழுப்பை எடுத்துச் செலவிட்டுத் தசையைக் கூடியமட்டும் காக்கும். மீண்டும் சோறு கிடைத்தால் தேறும். புற்றுநோயாளரின் உடம்போ, உத்தரத்தையும் தூணையுமே பெயர்த்து அடுப்பிலிடும் வீட்டைப் போல்வது. உணவு குறைந்தபோதும் அங்குச் செலவு சுருங்குவதில்லை. தசை கரைந்துகொண்டே செல்லும். பசியும் உடன் மாய்வதால் வரவும் இல்லை. இந்நிலைக்குக் கிரேக்கச் சொல்லால் ‘கக்கெக்சியா’ என்று பெயர். தீய உடல்நிலை என்பது அதன் பொருள். ஆறு திங்களில் எடை நூற்றுக்கு ஐந்திற்கு மேற்படக் குறைதலை அதன் குறியாக 2011-இல் பன்னாட்டு அறிஞர் வரையறுத்தனர். 60 கிலோ எடையுள்ளவர் 57-க்குக் கீழே இறங்கினால் அவ்வெல்லை கடந்ததாம்.

இவ்வீட்டில் எரியும் தீ யாது? அதுவே அழற்சி. அழல் என்னும் சொல்லின் அடியாக நம் மொழியில் அப்பெயர் பிறந்தது. இலத்தீனிலும் நெருப்பின் பெயரே அதற்கு அடி. செம்மை, வீக்கம், வெப்பம், நோவு என்னும் நான்கும் அழற்சியின் குறிகள் என உரோமானிய நூலாராகிய செல்சஸ் பண்டே எழுதினார். முள் தைத்த விரலில் இந்நான்கையும் காணலாம். முள்ளை எடுத்தால் தீ அவியும். புற்றுக்கட்டியோ எடுக்கப்படாத முள். கட்டியினுள்ளே வெள்ளணுக்கள் குழுமியிருத்தலை 1863-இலேயே ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ சுட்டினார். புற்று ஆறாப் புண்ணை ஒப்பது என 1986-இல் அமெரிக்க அறிஞர் துவோராக் விளக்கினார்.

அப்புண்ணினின்று சில தூதுப்பொருள்கள் குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லும். அவற்றுள் இன்டர்லூக்கின்-6 என்பது தலையாயது. அது கல்லீரலை அடைந்ததும் ஆங்கு நிகழ்வது வியப்புடையது. போர்க்காலத்தில் புடைவை நெய்த ஆலை, அதனை விடுத்துப் படைவீரர்க்குச் சீருடை நெய்யத் தலைப்படுவதைப் போலக் கல்லீரலும் தன் தொழிலை மாற்றிக்கொள்ளும். அமைதிக்காலத்தில் அது நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் ஆக்கும் அல்புமின் என்னும் புரதம் குறையும். சி-ரியாக்டிவ் புரதம் என்னும் மற்றொன்று பெருகும். இப்பிற்கூறிய புரதத்தை 1930-இல் நியூயார்க்கு ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியாக் காய்ச்சல் உற்றோர் குருதியிற் கண்டனர். நலமுள்ளார்க்கு லிட்டருக்குச் சில மில்லிகிராமே இருக்கும் இது, அழற்சி மிகின் நூறு மடங்குக்கு மேலும் உயரும்.

ஈண்டுப் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. குருதிச் சோதனைத் தாளில் அல்புமின் குறைந்திருக்கக் கண்டதும், ‘உணவிற் புரதம் போதவில்லை’ என்று கருதுவாரே மிகப் பலர். அது முழுதும் பொருந்தாது. உளநோயால் உணவை வெறுத்து எலும்புந்தோலுமாய் மெலிந்த இளம்பெண்களிடத்தும் அல்புமின் பெரும்பாலும் இயல்பாகவே காணப்படுகின்றது. பட்டினி ஒன்றே அதனை எளிதிற் குறைக்க வல்லதன்று. அழற்சியே அதன் ஆக்கத்தைக் குறைத்து, குருதிக்குழாய்களினின்று அது வெளியே கசியவும் செய்கின்றது. ஆதலின், தாழ்ந்த அல்புமின் வெறுங்கலத்தைக் காட்டும் குறியன்று. உள்ளெரியும் தீயின் புகையே என்க.

இவ்வுண்மையைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஓர் எளிய மதிப்பெண்ணாக்கினர். சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பின் மதிப்பெண் 0. அது மேற்பட்டு, அல்புமின் 35 கிராமிற்குக் குறையாதிருப்பின் 1. முன்னது மேற்பட்டு, பின்னதும் 35-இற்குக் கீழே வீழ்ந்திருப்பின் 2. பரீட்சையிற் பழகிய நம் மாணவர் கவனிக்க: இங்கு மதிப்பெண் மிகுதல் நன்றன்று. முதலில் வகுத்த முறையில், அல்புமின் தனியே குறைந்தார்க்கும் 1 அளிக்கப்பட்டது. குடற்புற்றுக்கு அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்தபோது, அழற்சியின்றி அல்புமின் மாத்திரம் குறைந்தோர் அரியரென்றும், அவர்க்கு அதனாற் கேடு மிகவில்லை என்றும் தெரியவே, 2007-இல் அம்முறை திருத்தப்பட்டது. கட்டியின் அளவும் பரவலும் ஒத்த இருவருள்ளும் மதிப்பெண் 2 பெற்றவர் வாழ்நாள் குறுகிக் காண்கின்றது. அறுவையில் வெட்டி இணைத்த குடல் கசிதலும் அல்புமின் தாழ்ந்தோரிடையே மிகுதி.

வேறு அளவைகளும் உள. வெள்ளணுக்களில் நியூட்ரோபில், லிம்போசைட் என்னும் இருவகையின் விகிதத்தை நோக்குவது ஒன்று. 1984-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஒனோடெரா வகுத்தது மற்றொன்று: நூறு மில்லிலிட்டரில் உள்ள அல்புமினின் கிராம் அளவைப் பத்தாற் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டரில் உள்ள லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆற் பெருக்கி, இரண்டையும் கூட்டுக. அல்புமின் 3, லிம்போசைட் 1500 எனில் 30-உம் 7.5-உம் கூடி 37.5 ஆகும். 40-க்குக் கீழ்ப்பட்டோரிடம் குடலை வெட்டி இணைத்தல் தகாது என்பது அவர் கருத்து. இவ்வெண்கள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று கூறுவன அல்ல. சாதாரணக் காய்ச்சலிலும் சீழ்க்கட்டியிலும் சி-ரியாக்டிவ் புரதம் உயரும். ஒருமுறை எடுத்த ஒரு தாளைக் கொண்டு ஒருவர் ஊழைக் கணித்தல் அறிவுடைமையன்று.

இரும்புச்சத்தின் செய்தியும் இத்தகையதே. குடற்புற்றாளர் வெளிறுதற்குக் குருதியிழப்பு முதற்காரணம். ஆயின் முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தும் சிலர் தேறுவதில்லை. அதே இன்டர்லூக்கின்-6 கல்லீரலைக் கொண்டு ஹெப்சிடின் என்னும் பொருளை மிகச் சுரப்பிக்க, அது குடல் இரும்பை ஏற்கும் வாயிலை அடைத்துவிடுகின்றது. ஆதலாலேயே மருத்துவர் இத்தகையோர்க்கு நாளத்தின் வழியே இரும்பு செலுத்துகின்றனர். வீட்டாரின் கீரை வீணென்று கருதியன்று.

நிறுவை மாத்திரம் கொண்டு தேய்வை அறியப் புகுதலும் ஏமாற்றந்தரும். தியாகராய நகரிலும் மயிலையிலும் நாம் காணும் நடுவயதினர் பலர் மெலிந்த கைகாலும் பருத்த வயிறும் உடையர். இவர் நோயுற்றால், கொழுப்பு இருக்கத் தசை கரையும். காலில் நீர் கோப்பின் எடை கூடவும் கூடும். ‘ஐயா பார்வைக்குப் பருமனாகத்தானே இருக்கிறார்’ என்று சுற்றத்தார் ஆறுதல் கொள்வர். நோயின் பரவலை அறிய எடுக்கும் சி.டி. படத்திலேயே, இடுப்பின் மூன்றாம் முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து உண்மை காணும் முறை இப்பொழுது உளது.

தீயே காரணம் எனின், உணவால் என்ன பயன் என்று வினவலாம். இவ்வினாவிற்கு விடையாகவே யாம் எழுதத் துணிந்தோம். தீயை அவிப்பது அறுவையும் மருந்தும் கதிரும். அவை தொழில் செய்யுமளவும் தூண் இடியாது நிற்றற்கு உணவு வேண்டும். நம் வீடுகளில் நிகழ்வதோ இதற்கு மாறு. நோய் என்றதும் பத்தியம் என்று, பாலும் தயிரும் பருப்பும் முட்டையும் விலக்கிக் கஞ்சியே கொடுக்கின்றனர். 100 கிராம் அரிசியைக் கஞ்சியாக்கி நாள் முழுதும் பருகுவித்தால், கிடைப்பது ஏறக்குறைய 350 கலோரியும் 7 கிராம் புரதமுமே. 50 கிலோ எடையுள்ள புற்றுநோயாளர்க்கு நாளொன்றுக்கு 1250 முதல் 1500 கலோரி வேண்டும்; புரதம் 50 கிராமிற்கு மேல், இயலுமேல் 75 கிராம் வரை வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டவியற் சங்கத்தார் நெறி. அன்பினாற் செய்யும் பத்தியமே ஈண்டுப் பட்டினியாகின்றது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், முன் உண்டது செரித்ததறிந்து பசித்தபின் அளவோடு உண்க என்று கூறும் நெறி, நலமுள்ளார்க்கு என்றும் பொருந்தும். பசியே நோயால் மாய்ந்தார்க்கு அது பொருந்துமாறில்லை. அவர் பசிக்குமென்று காத்திருப்பின் தேய்வார். சிறிது சிறிதாக, இரண்டு மணிக்கொருமுறை, கடிகாரத்தை நோக்கி உண்பித்தலே தக்கது. பால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 32 கிராம் புரதம் தரும். முட்டை ஒன்று 6 கிராம். 30 கிராம் பருப்பு 7 கிராம். புலால் உண்ணாதாரும் தயிர், பால்கட்டி, குழைய வெந்த பருப்பு இவற்றால் அளவை எய்தலாம். ஆனால் கட்டியாற் குடல் குறுகினார்க்குக் கீரையும் நாருள்ள காய்களும் அடைப்பு விளைக்கக்கூடும். அவர் மருத்துவரைக் கேளாது எதனையும் மாற்றலாகாது.

மிக மெலிந்தாரை உடனே அறுவைக்கு உட்படுத்தாமல், ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை ஊட்டமளித்துப் பின் அறுத்தல் நன்றென்று இக்காலத்தார் கொள்கின்றனர். அறுவைக்குப் பின் நாட்பல வாய்கட்டிக் கிடத்திய பழைய வழக்கத்தை, 1990-களில் கோபன்ஹேகன் மருத்துவர் கேலெட் முதலியோர் மாற்றினர். இன்று மறுநாளே உண்ணத் தொடங்குவோர் பலர். பசியையும் தேய்வையும் நேரே நோக்கிய மருந்துகளும் தோன்றியுள்ளன. அனமோரெலின் என்பதனை ஜப்பான் 2021-இல், குடற்புற்று உள்ளிட்ட சில புற்றுகளுக்கு ஏற்றது. பசியைக் கெடுக்கும் தூதுப்பொருள் ஒன்றைத் தடுக்கும் மற்றொரு மருந்தால் எடை கூடியதை 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

இவையெல்லாம் மருத்துவர் கைப்பட்டன. வீட்டார் கைப்பட்டது ஒன்றுண்டு. வாரந்தோறும் ஒரே துலையில், ஒரே வேளையில் நோயாளரை நிறுத்து, நாளும் எடையும் எழுதி வைப்பின், ஆறு திங்களில் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் கேட்குங்கால் வளையையும் மோதிரத்தையும் காட்ட வேண்டியதில்லை.